அவன் ரேடியோ, என் கம்பி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதலாக உள்ள இரண்டும் கடலில் போன என் கொழுந்தனுடைய பிள்ளைகள். ஆறு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், ஒருத்தரையும் பாதியில் நிறுத்தவில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எதற்காக நிறுத்தினார்கள் என்பதை எழுதத்தான் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்திக்கொள்ளட்டும். சொல்லில் கை வைக்கக் கூடாது.

என் சோட்டுப் பெண்டுகளே, என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் என்னோடு அந்த ஊற்றில் உட்கார்ந்து தண்ணீர் மொண்டவர்கள். உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னைத் 'தண்ணியக் கெடுத்தவ' என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அது வேடிக்கையாகிவிட்டது என்று உங்களுக்கு நினைப்பு. எனக்கு ஆகவில்லை.

போன மாதம் அண்ணன் மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள் அல்லவா, அங்கே அண்ணனுக்கு வந்த புது மருமகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பிள்ளைதான். குனிந்து சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பெரியத்த, ரேடியோக் கம்பியப் போட்டு ஊர்த் தண்ணியவே உப்பாக்குனது நீங்கதானாமே?"

"யாரு சொன்னா?"

"மாமாதான். அவுக ரேடியோ செஞ்ச கதைய இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காதில் கேட்கிற மிஷின். சுற்றிலும் பிள்ளைகள். "பதினாறு வயசுல, கரண்டும் இல்ல, பேட்டரியும் இல்ல, சிலோனைப் பேச வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் காப்பியைக் குடிக்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்ததும் பேத்தியிடம் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன்.

ஊற்றை அறியாத பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில். கிணறு வெட்டினால் கரிக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தெற்கே, மணல் மேட்டின் அடியில், முழங்கை ஆழம் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் கசிந்து வரும். அதுதான் ஊற்று. பன்னிரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். குத்தவைத்து உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் கலங்காமல் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் ஆகும். தண்ணீர் தெளிகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் பேசினோம். அந்தத் தண்ணீரின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. லேசாக மண் வாடை, பின்னால் ஒரு இனிப்பு.

அதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆழமாகத் தோண்டக் கூடாது. நல்ல தண்ணீர் மேலே கிடக்கிறது, அதற்குக் கீழே உப்பு. இது அங்கே குந்தியிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். குடம் இடுப்பில் ஏறுகிற வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு முந்திய வருஷம் அது. கோடை. எனக்குப் பதினொன்று. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆறாம் வகுப்புக்கு உச்சிப்புளிக்குப் போகலாம் என்று அய்யா சொல்லியிருந்தார். அய்யா என்றால் என் தகப்பனார். அண்ணன் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். லீவுக்கு வரும்போது ஒரு மாதப் பத்திரிகை கொண்டுவந்தான். விஞ்ஞானப் பத்திரிகை, தமிழில். உள்ளே 'பேட்டரி வேண்டாத ரேடியோ' என்று ஒரு கட்டுரை, படத்தோடு. அதற்கு வேண்டிய சாமான்களை மெட்ராஸிலிருந்து பார்சலில் அனுப்புவார்கள் என்று கீழே போட்டிருந்தது. அண்ணன் அய்யாவை அரித்து எடுத்து எழுதிப்போட வைத்தான்.

பார்சல் வந்த அன்றைக்கு அதைப் பிரித்தபோது வந்த வாடை! மெழுகும் புது அட்டையும் எண்ணெயும் கலந்த வாடை. எங்கள் வீட்டில் கருவாடும் ஓலையும் மட்டுமே மணக்கும். உள்ளே ஒரு அட்டைக் குழல், எனாமல் பூசிய தாமிரக் கம்பி ஒரு கட்டு, விசிறி மாதிரி விரிந்து மடங்குகிற தகடுகள் உள்ள கண்டன்சர், நெல்மணி அளவில் கண்ணாடியில் செய்த டயோடு, பிறகு ஹெட்போன். ஹெட்போன் கறுப்பாகக் கனமாக இருந்தது. அண்ணன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் அங்கேயும் இங்கேயும் நடந்தான்.

"ஏலே, கெளுத்தி மீசை மாதிரி ஒயரு தொங்குது, கழட்டுலே" என்றாள் ஆத்தா, என் தாயார்.

இரண்டு வாரம் முட்டினான். ரேடியோ பேசவில்லை. குழலில் கம்பியைத் தொண்ணூறு சுற்றுச் சுற்ற வேண்டும். அவன் சுற்றினது பிரிந்து பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. எண்ணிக்கையும் தப்பிப்போயிற்று. "மெட்ராஸ்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, கூட்டாளிகளோடு நண்டு பிடிக்கப் போய்விட்டான்.

நான் பத்திரிகையை எடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் ஆகும். அதனால் ஒரு சொல்லையும் நான் தாண்டவில்லை. தாண்ட எனக்குத் தெரியாது. அண்ணன் ஓட்டமாகப் படித்தவன். 'கம்பியின் நுனியில் உள்ள எனாமலை நன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையேல் கருவி பேசாது' என்று அதில் இருந்தது. அவன் அதைப் படிக்கவே இல்லை. கம்பி பார்க்கத் தாமிரமாக மின்னியதால் தாமிரம்தான் என்று நினைத்துக்கொண்டான். அதன்மேல் தோல் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

அரிவாள்மனையில் வைத்துச் சுரண்டினேன். செம்பழுப்புத் தூளாக உதிர்ந்தது, கீழே புதுச் செம்பு. அவன் சுற்றியதை முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். நான் ஓலைப்பெட்டி முடைந்த கை. கம்பியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளி இல்லாமல், பத்துச் சுற்றுக்கு ஒரு சிப்பி எடுத்து வைத்துச் சுற்றினேன். ஒன்பது சிப்பி. இப்படிக் கம்பி சுற்றிய குழலுக்குத்தான் காயில் என்று பேர். பார்த்தால் பட்டு நூல்கண்டு மாதிரி இருந்தது.

அடுத்தது ஏரியல். அது உயரத்தில் கட்டுகிற கம்பி. கம்பி மரத்தில் படாமல் இருக்க நடுவில் பீங்கான் வைக்கச் சொல்லியிருந்தது. உடைந்த ஊறுகாய் ஜாடியின் கழுத்தைக் கோத்தேன். வாசலில் நின்ற இரண்டு தென்னைக்கும் நடுவில் அண்ணன்தான் ஏறிக் கட்டினான், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். நான் கெஞ்சின பிறகு கட்டினான்.

பிறகு எர்த். 'எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் ஒரு தாமிரத் தகட்டைப் புதைத்து அதிலிருந்து கம்பி கொண்டுவர வேண்டும்.' எங்கள் ஊரில், கோடையில், எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் எது? நீங்களே சொல்லுங்கள். ஒன்றுதான். ஓட்டை விழுந்த செம்புக் குடத்தின் அடிப்பாகத்தை வெட்டி, ஊற்றிலிருந்து மூன்று அடி தள்ளி ஈரமணலில் புதைத்தேன். அங்கிருந்து வேலியோரமாகக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் ஹெட்போனில் சங்கைக் காதில் வைத்தது மாதிரி ஒரு இரைச்சல். விசிறித் தகட்டை மெல்லத் திருப்பினேன். ஒரு பெண் குரல். தமிழ். அடுத்த பாட்டு இன்னார் கேட்டது, இன்னார் கேட்டது என்று பேர் பேராகச் சொன்னாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து, காதுக்குள்ளே, பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்க்கிறவள் பேசுவதைப் போல. பட்டப்பகல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆத்தாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். அதற்குள் ஆண் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. திடுக்கென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

"யாருத்தா இது, இம்புட்டுக் கிட்டத்துல வந்து பேசுறது?"

பத்திரிகையிலிருந்து ஒரு வரியை அன்றைக்கே மனப்பாடம் செய்தேன். பேட்டரி இல்லாமல் எப்படிப் பாடுகிறது என்பதற்கு விளக்கம் அது. நிலையத்திலிருந்து காற்றில் வருகிற அலையே கருவியை இயக்கப் போதுமான சக்தியைக் கொண்டுவருகிறது. அலையிலேயே சக்தி இருக்கிறது. பூமியிலிருந்து ஒன்றையும் எடுப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான், கேட்டான், குதித்தான். மறுநாள் காலையில் அது அண்ணன் செய்த ரேடியோ. எப்படி மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அய்யா சந்தைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், "எம்மகன் ரேடியோ செஞ்சிட்டான்" என்று. பார்க்க வந்தவர்களிடம் ஆத்தாவும் அப்படியே சொன்னாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்பதை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது. பாடினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். கரண்டு இல்லை, பேட்டரி இல்லை, இது என்னத்தைத் தின்னுட்டுப் பாடுது? மேலவீட்டுப் பெரியம்மா ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சத்தண்ணி கூடக் குடிக்காம எவன்டா பாடுவான்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது.

"தண்ணிதான் குடிக்குது பெரியம்மா. அந்தா பாருங்க கம்பிய, நேரா ஊத்துக்குப் போகுது. அங்கன இருந்து சத்த எடுத்துத்தான் பாடுது."

"அப்படியில்லண்ணே, காத்துல வார அலையில..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ போய்ச் செம்பக் கழுவுத்தா" என்றார் அய்யா.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அய்யா தெற்குப் பக்கம் தென்னம்பிள்ளை வைத்திருந்தார். அது வாடியது. கொட்டாங்கச்சியில் மொண்டு தென்னைக்கு எப்படி ஊற்றுவது? ஊற்றை ஆழப்படுத்தி, சிமெண்டு உறை இறக்கி, கிணறாக்கிவிட்டால் இறைத்துப் பாய்ச்சலாம் என்று முடிவுகட்டினார். இடம் எங்கள் பட்டாவில் இருந்தது. ஊருக்கும் நல்லது, வாளி போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்றார். ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருத்தர்கூட அந்த ஊற்றில் ஒரு குடம் மொண்டது கிடையாது.

அன்றைக்கு ஆத்தா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரொம்ப ஆழம் போகாதீக. அடியில உப்புங்க. நாங்க தெனம் பாக்குறோம்ல."

"பொம்பளைகளக் கேட்டா கெணறு வெட்டுவாக? கொழம்ப ஊத்து."

அவள் குழம்பை ஊற்றினாள். அந்தப் பேச்சு நான் என் காதால் கேட்டது. அடுப்படியில் நான்தான் இருந்தேன்.

நாலு ஆள் வந்து மண்வெட்டி போட்டார்கள். முதல் நாள் காலையிலேயே ரேடியோ நின்றுபோயிற்று. அப்போது ஹெட்போன் அண்ணன் தலையில் இருந்தது. "ஏத்தா, பாடலையே, என்னண்டு பாரு" என்று என்னைத்தான் கத்திக் கூப்பிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்வெட்டியில் கம்பி இரண்டாக அறுந்து கிடந்தது. தகட்டையும் தோண்டி எடுத்து மணல் குவியலில் வீசியிருந்தார்கள். நான் தகட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து அண்ணனிடம் காட்டினேன். "வேலை முடியட்டும், பொறகு பொதச்சுக்கலாம்" என்றான். தகடு எங்கள் வீட்டு உறியில் இருந்தது. அன்றைக்கு ஊற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. நான்தான் சாயங்காலம் மொண்டேன்.

நாலாம் நாள் மூன்றாவது உறை இறங்கியது. அன்றைக்குத் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. ஆண்கள் கைதட்டினார்கள். ஆறாம் நாள் காலை மேலவீட்டுப் பெரியம்மா வாளி போட்டு இழுத்து ஒரு வாய் குடித்து, அப்படியே துப்பினாள்.

கடல் தண்ணீர் மாதிரி இல்லை. கண்ணீர் மாதிரிக் கரித்தது. குடிக்கலாம் என்று வாயில் வைத்தால் தொண்டை வாங்காது. இரண்டு நாள் இறைத்துப் பார்த்தார்கள். இறைக்க இறைக்கக் கூடியது. பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் குடத்தை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

அய்யா முற்றத்தில் நின்றார். எல்லார் கண்ணும் அவர்மேல் இருந்தது. அவர் வெட்டிய கிணறு. பெண்களுக்குத் தெரியும், ஏன் கெட்டது என்று. ஆனால் அய்யாவைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவர் தோப்பில் ஓலை பொறுக்கித்தான் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்போது மேலவீட்டுப் பெரியம்மா மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கம்பிதான் தண்ணிக்குள்ள இருந்து சத்தெல்லாம் எடுத்துருச்சு போல. தம்பிதான் அன்னைக்குச் சொன்னான்ல."

அய்யா முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன். முங்கிக்கொண்டிருந்தவன் கையில் கட்டை கிடைத்தது மாதிரி.

"கம்பிய ஊத்துல யாருலே போட்டது?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவதான் போட்டா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் போட்டேன். அந்த ஒரு உண்மையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதை விழுங்கினான். காயிலைச் சுற்றியது யார், எனாமலைச் சுரண்டியது யார், எல்லாம் அவன் வயிற்றுக்குள் போயிற்று. அதுவரைக்கும் அவன் ரேடியோ. அந்த நிமிஷத்திலிருந்து என் கம்பி.

நான் உள்ளே ஓடி உறியிலிருந்து தகட்டை எடுத்து வந்தேன். "இந்தா பாருங்க அய்யா, தகடு வீட்டுலல்ல இருக்கு! மொத நாளே மம்பட்டில கம்பி அத்துப்போச்சு. அதுக்கு அப்புறம் ரேடியோ பாடவே இல்ல. தண்ணி நாலஞ்சு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணன்கிட்டக் கேளுங்க!"

அய்யா என்ன சொன்னார் தெரியுமா? "தகட எடுத்தா ஆச்சா? அது எடுத்தது எடுத்ததுதான்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் காலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட்டி வந்தார்கள். எனக்கு எழுத்தறிவித்தவர். எங்கள் தோப்பு வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்தவர். இவர் சொல்லிவிடுவார் என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பத்திரிகையைக்கூட அவர் கையில் கொடுத்தேன். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் படித்தார். அவருக்குப் புரிந்தது, அவர் கண்ணில் பார்த்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"தாமிரம்ல. களிம்பு ஏறும். தண்ணிக்குள்ள கெடந்தா, அதனாலயும் ஏதாவது ஆகியிருக்கலாம்."

இருக்கலாமாம். அந்த 'லாம்' என்ற ஒற்றைச் சொல்லை நான் அறுபது வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். 'லாம்' என்பதை எப்படி எதிர்ப்பது? படித்தவர் பேச்சை ஊர் வாங்கிக்கொண்டது. லாம் உதிர்ந்துபோயிற்று, ஆகியிருக்கிறது என்று ஆயிற்று.

கடைசியாக ஆத்தா என் முதுகில் அடித்தாள். எல்லார் முன்னாலும், விளக்குமாற்றால். "குடிக்கிற தண்ணியில கொள்ளி வச்சுட்டியேடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். ஆழம் போகாதீக என்று சொன்ன அதே வாய். புருஷன் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. நானும் புருஷனோடு வாழ்ந்தவள்தான். புரிகிறது என்பதற்காக ஆறவில்லை. ஆறு பிள்ளைகளில் ஒருத்தரைக்கூட நான் பிறத்தியார் முன்னால் அடித்தது கிடையாது.

தண்டனை என்ன என்றால், நான் கெடுத்த தண்ணீரை நானே சுமக்க வேண்டும். அடுத்த ஊற்று முக்கால் மைல் வடக்கே. வீட்டுக்கு நாலு நடை. நடக்க முடியாத இரண்டு கிழவிகள் வீட்டுக்கும் ஒவ்வொரு நடை. ஆறு நடை நடக்கிறவள் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவாள்? யாரும் என்னைப் பார்த்துப் படிப்பை நிறுத்து என்று சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தார்கள், அவ்வளவுதான். கல்யாணம் ஆகும் வரைக்கும், ஏழு வருஷம் நடந்தேன். பெண் கேட்டு வந்தவர்களில் இரண்டு வீட்டார் திரும்பிப்போனார்கள். தண்ணியைக் கெடுத்த கை, நம் வீட்டில் எதைக் கெடுக்குமோ என்று பயம். என் புருஷன் வீட்டார் முதுகுளத்தூர்ப் பக்கம். அவர்களுக்குக் கதை தெரியாததால் நான் கரையேறினேன். பிறகு தெரிந்தது. மாமியார் முதல் வருஷம் என்னைக் கண்மாய்ப் படியில் தனியாக இறங்க விடவில்லை.

ரேடியோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் அண்ணன் பெட்டியோடு விடுதிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு கண்காட்சியில் வைத்தான். பரிசு கொடுத்தார்கள், ஒரு கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம். அது அய்யா சாகும்வரைக்கும் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே தொங்கியது. அதன் கீழே குனிந்து குனிந்துதான் நான் குடத்தை உள்ளே கொண்டுபோனேன். அதைக் காட்டித்தான் அவனுக்குத் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்தது, பிறகு அரசாங்க வேலை. என் தொண்ணூறு சுற்றுக் காயில் எங்கே போயிற்று என்று ஒரு தடவை கேட்டேன். "எதுக்கு அது, அந்தக் கழிவுச் சாமான்?" என்றான்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் மூத்தவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம், குடிதண்ணீர்த் திட்டத்துக்காக ஒரு அதிகாரி அந்த மணல் மேட்டுக்கு வந்தார். நானும் அண்ணனும் அப்போது ஊரில் இருந்தோம். உறைக்கிணறு பாசி பிடித்துக் கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"எவன்யா இவ்வளவு ஆழம் தோண்டினது? பால்மேல ஆடை மாதிரி நல்ல தண்ணி மெல்லிசா மெதக்குற இடம்யா இது. ஆடையக் கிழிச்சா கீழ உப்புதான வரும்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கை நீளத்தில் நின்றோம். இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்படிங்களா சார்" என்றான். "சரி, வெயில் ஏறுது, எளநி வெட்டச் சொல்லவா?"

அதற்குப் பிறகும் எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் அந்த ரேடியோக் கதையைச் சொல்லியிருக்கிறான். நான் தண்ணீரைக் கெடுத்தது அந்தக் கதையில் சிரிப்பு வரவழைக்கிற இடம். அதைக் கடைசியில் வைத்துச் சொல்வான்.

அய்யா இல்லை. ஆத்தா இல்லை. வாத்தியார் எப்போதோ போய்விட்டார். கம்பி அறுந்தது எப்போது என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு எழுபத்து எட்டு. அவன் வாய் திறக்காமல் போய்விட்டால், நான் செத்த வீட்டிலும் யாராவது ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒப்பாரிக்கு இடையில் மூக்கைச் சிந்துவாள். எனக்கு அவன் மன்னிப்பு வேண்டாம். அவன் சொத்திலும் பங்கு கேட்கவில்லை. காயிலைச் சுற்றியது அவள், கம்பி அறுந்த பிறகுதான் தண்ணி கெட்டது என்று நாலு பேர் முன்னால், அந்தப் பிள்ளைகள் முன்னால், அவன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அவன் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களையும் கூப்பிட்டிருக்கிறேன். காது மிஷினை மாட்டிக்கொண்டு வரச் சொல் என்று அவன் மகனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மகளின் மகள்தான் இந்த நோட்டை வாசிக்கப்போகிறாள்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். முகம் சரியில்லை.

"அம்மாச்சி, தாத்தாவுக்கு முன்னாடி இதப் போய் வாசிச்சா அவர் மனசு கஷ்டப்படாதா? அந்த எடத்த மட்டும் கொஞ்சம் மாத்திக்கவா?"

"எந்த எடம்?"

"இவதான் போட்டான்னு சொன்ன எடம்."

"அது அவன் சொன்னது. நான் சொன்னது இல்ல. அதுல மாத்த எனக்கும் உரிமை கெடையாது, ஒனக்கும் கெடையாது. இந்தா, மொத பக்கத்துல இருந்து வாசி, எப்படி இருக்குண்டு கேக்குறேன். அண்ணன்ங்கிற எடம் வாரப்ப கொரலக் கொறைக்காத."